போர்ப்பயிற்சியும் புதுவீரரின் மனமும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து

1755ஆம் ஆண்டளவில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராகப் பொறுப்பேற்ற ஐதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர் துணையுடன் அங்குப் படைக்கலச்சாலை ஒன்றை நிறுவினார். பாளையக்காரர் படைமுறையில் பழகிய இச்சமவெளிக்கு ஐரோப்பியப் போர்முறை அறிமுகமானது இவ்வாறே. இன்று மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேரும் இவ்வட்டார இளைஞர் பயிற்சி பெறுமிடம் நீலகிரியின் வெலிங்டன்.

பயிற்சி முதலில் தனியாளைக் கலைக்கிறது. முடி மழிக்கப்படுகிறது, பெயருக்கு முன் எண் வருகிறது, ஒருவர் தவறினால் குழு முழுவதும் ஓடுகிறது. பகைவர் மீதான அச்சத்தினும் தோழர்முன் தலைகுனிவதற்கான அச்சம் இதனால் மேலோங்குகிறது. அடுத்தது கொல்லத் தயங்கும் இயல்பு. களத்தில் நால்வரில் ஒருவர்கூடச் சுடவில்லை என அமெரிக்கரான எஸ். எல். ஏ. மார்ஷல் 1947இல் எழுதினார். அவருடைய சான்றுகள் பின்னர் ஐயத்திற்குள்ளாயின. எனினும் வட்டக்குறிகளின் இடத்தில் மனித உருவ இலக்குகள் பரவலாயின. கண்டவுடன் சுடுதல் சிந்தனையாக அன்றி அனிச்சையாக அமைய வேண்டும் என்பதே நோக்கம்.

இங்கு மொழி தனிக்கவனத்திற்குரியது. அணிவகுப்புக் கட்டளைகள் இந்தியில் ஒலிக்கின்றன. ரெஜிமெண்டின் போர்முழக்கமோ 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது. ஊரில் பாம்பையும் தேளையும் கண்டபோது மட்டும் கேட்ட ஏவல், வைக்கோல் பொம்மையைத் துப்பாக்கி ஈட்டியால் குத்தும்போது தாய்மொழியிலேயே எழுகிறது. பன்முறை முழங்கிய சொல் பொருள் தேய்ந்து உடலசைவாகிவிடுகிறது எனக் கொள்ள இடமுண்டு.

விளைவுகள் யாவும் தீயனவல்ல. தன்னம்பிக்கையும் கூட்டுறவும் வளர்வது வெளிப்படை. ஆயின், ஜெர்மானிய இளைஞரிடையே ஜாக்சன் குழுவினர் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு, குடிமைப்பணி ஆற்றியோரைவிடப் படைப்பயிற்சி பெற்றோரிடம் இணங்கிச் செல்லும் பண்பு குறைந்திருந்ததையும், அவ்வேறுபாடு ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் நீடித்ததையும் காட்டியது. அவர்கள் போரைக் கண்டவர்களல்லர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் பயிற்சி உட்பட நான்காண்டு. நிலைப்படுத்தப்படுவோர் 25 விழுக்காட்டிற்கு மேற்படார். எஞ்சியோர் இருபதுகளின் தொடக்கத்திலேயே ஊர் திரும்புவர். அவர்களுக்கு ஓய்வூதியமோ, முன்னாள் படைவீரர்க்குரிய மருத்துவத் திட்டமோ இல்லை. அனிச்சையை உருவாக்கப் பாடத்திட்டம் உண்டு. அதைத் தளர்த்த இல்லை. உறக்கமின்மையோடும் சினத்தோடும் மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளர் பிரிவுக்கு வரும் இளைஞரிடம், படையில் இருந்தாரா என்னும் வினா முதலில் கேட்கப்பட வேண்டும். போருக்குச் சென்றாரா என்பது அதற்கடுத்த வினாவே.