மிகை ஒளிவேறுபாட்டுக் காட்சிகளைப் பதிவு செய்தல்: படச்சுருளும் டிஜிட்டலும்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பூண்டிக்கு அருகில் அல்லிக்குழி மலைப்பகுதியில் குடியம் குகை அமைந்துள்ளது. இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்த அத்திரம்பாக்கமும் இவ்வட்டாரத்தைச் சார்ந்ததே. நண்பகலில் இக்குகையின் வாயிலில் கடும் வெயிலும் உட்புறத்தில் அடர்நிழலும் நிலவுகின்றன. இரண்டையும் ஒரே படத்தில் பதிய முயலும் களஆய்வாளர் ஒன்றன் நுட்பங்களை இழக்க நேரிடுகின்றது. ஒளிப்படம் ஆய்வுச் சான்றாகும் இடத்தில் இது சான்றின் இழப்பாகும். இவ்விழப்பு இருவகை ஊடகங்களிலும் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

ஒளிவேறுபாட்டின் அளவு

ஒளிப்படக்கலையில் ஒளியின் அளவு இருமடங்காவதை ஒரு ஸ்டாப் என்பர். இதன்படி, 10 ஸ்டாப் வேறுபாடு 1024 மடங்கைக் குறிக்கும். மனிதக் கண் பார்க்கும் இடத்திற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். படக்கருவியோ ஒரு படத்திற்கு ஒரே ஒளியளவையே ஏற்கும்.

படச்சுருளின் இயல்பு

ஹர்ட்டர், டிரிஃபீல்ட் ஆகியோர் 1890இல் வெளியிட்ட ஆய்வு, ஒளிப்படத் தகடு ஒளியை ஏற்கும் முறையை ஒரு வளைகோடாகக் காட்டியது. நெகட்டிவ் சுருளில் அக்கோட்டின் மேல்முனை மெல்ல வளைகின்றது. ஆதலின் மிகையொளிப் பகுதிகள் உடனே அழிவதில்லை. ஆனால் போதிய ஒளி படாத நிழற்பகுதியில் உருவமே பதிவதில்லை; அதனைப் பின்னர் மீட்கவும் இயலாது. எனவே நிழலுக்கேற்ப ஒளியளவை அமைத்து, மிகையொளியை உருத்துலக்கும் நேரத்தால் கட்டுப்படுத்துவது மரபாயிற்று. ஆன்சல் ஆடம்சும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை இதனை ஒழுங்குபடுத்தியது. ஸ்லைடு சுருள் இதற்கு விலக்கு. மிகையொளியில் அது விரைவில் நுட்பங்களை இழக்கும்.

டிஜிட்டல் உணரியின் இயல்பு

உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒளிக்கு நேர்விகிதத்தில் மின்னேற்றம் பெறுகின்றது. கொள்ளளவு நிரம்பியபின் வரும் ஒளி பதிவாகாது. அவ்விடம் வெறும் வெண்மையாகிவிடும். நிழற்பகுதியிலோ தரவு இரைச்சலுடன் எஞ்சியிருக்கும். ஆகவே இங்கு விதி தலைகீழாகின்றது: மிகையொளியைக் காத்து, நிழலைப் பின்னர் உயர்த்த வேண்டும். 12 அல்லது 14 பிட் ரா கோப்பு இதற்கு இடந்தரும். 8 பிட் ஜேபெக் கோப்பில் இவ்வாய்ப்பு குறைவு.

களத்தில் பயன்பாடு

குகை அசைவற்றது. முக்காலியில் கருவியை நிறுத்தி வெவ்வேறு ஒளியளவுகளில் பல படங்கள் எடுத்து இணைக்கலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து இரும்பாலைகளில் இம்முறை பொருந்தாது. அங்கு இருண்ட கூடத்தில் செந்தழலாய் ஒளிரும் உலோகமும் தொழிலாளரும் இடையறாது இயங்குவதால் இணைப்பில் உருவங்கள் இரட்டிக்கும். ஒளிரும் உலோகத்தின் நுட்பம் கெடாத அளவில் ஒற்றைப் படமாக ரா கோப்பில் பதிவதே அங்கு ஏற்றது.

முடிவுரை

படச்சுருள் காலத்து விதியை டிஜிட்டல் கருவியில் அப்படியே பின்பற்றுவது மீட்க இயலா இழப்பைத் தரும். மேலும், இணைத்த படத்தில் இயல்பான ஒளி–நிழல் விகிதம் மாறிவிடுகின்றது. பாறையின் நிறத்தையோ கறையையோ அதனைக்கொண்டு முடிவுசெய்தல் பிழைக்கு இடந்தரும். எனவே மூலக்கோப்புகளைப் பேணுவதும், இணைப்புப் படம் என்பதைப் படவிளக்கத்தில் குறிப்பதும் ஆய்வறத்தின் பகுதியாகக் கொள்ளத்தக்கன.