உங்களுக்குத் தெரியுமா? நெருப்பை நம்பி வாழும், வெயிலுக்கு அஞ்சும் பறவை

● தென்னாப்பிரிக்காவின் தென்கோடி மலைகளில் ‘கேப் ராக்ஜம்ப்பர்’ என்றொரு பறவை வாழ்கிறது. தமிழில் பாறைதாவி எனலாம். மைனா அளவுதான் இருக்கும். ஆணுக்குக் கறுப்புத் தொண்டை, கன்னத்தில் வெள்ளைக் கோடு, செங்கல் நிற வயிறு, சிவந்த கண். பெண்ணுக்கும் இதே கோலம்தான், சற்று மங்கலாக. தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகில் வேறெங்கும் இதைப் பார்க்க முடியாது.

● பறக்கத் தெரிந்தும் இது அதிகம் பறப்பதில்லை. வலுவான கால்களால் பாறைக்குப் பாறை தாவும். இடுக்குகளில் ஓடி ஓடிப் பூச்சி தேடும். சிறு பல்லி அகப்பட்டால் அதையும் விடாது.

● பாறைதாவிக் குடும்பத்தில் இருப்பவை இரண்டே இனங்கள். மற்றொன்று லெசோத்தோவிலும் அதையொட்டிய டிராக்கன்ஸ்பெர்க் மலைகளிலும் வாழ்கிறது. மரபணு ஆய்வுகள் காட்டும் நெருங்கிய உறவினர்களோ வெகு தொலைவில் இருக்கிறார்கள்: மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் மொட்டைத்தலைப் பாறைக்கோழிகளும், மலேசிய மழைக்காட்டுத் தரையில் நடமாடும் ஒரு பறவையும்! கண்டங்களைத் தாண்டிய இந்தப் பழைய உறவு ஒன்றே இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றப் போதுமான காரணம் என்பேன்.

● கூடு தரையில்தான், பாறையோரப் புல் மறைவில். பெரும்பாலும் 2 முட்டைகள். குஞ்சுகளுக்குப் பெற்றோர் மட்டுமல்ல, அதே குழுவிலுள்ள வேறு பறவைகளும் இரை கொண்டுவந்து ஊட்டுவதுண்டு.

● இந்தப் பறவைக்குக் காட்டுத்தீ வேண்டும் என்றால் நம்புவீர்களா? இது வாழ்வது ‘ஃபைன்போஸ்’ எனப்படும் புதர்நிலத்தில். அங்கே பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருப்பு வருவது இயல்பு. புரோட்டியா போன்ற செடிகள் பல, தீ பட்ட பிறகே விதைகளை உதிர்க்கும். புதர் எரிந்து நிலம் வெளிச்சமாகும்போது பாறைதாவிக்கு ஓடியாட இடம் கிடைக்கிறது, கண்ணுக்கெட்டும் தூரம்வரை பகையைக் காண முடிகிறது. செடிகள் வளர்ந்து அடர்ந்துவிட்டாலோ பாம்புக்குக் கொண்டாட்டம். மரப்பாம்பான பூம்ஸ்லாங் இதன் கூடுகளைச் சூறையாடுவதில் முதலிடம் வகிக்கிறது. வெயில் ஏற ஏறப் பாம்புகளின் வேட்டையும் கூடுகிறது.

● நெருப்பு உதவும், வெப்பம் உதவாது. ஃபைன்போஸில் வாழும் 12 பறவை இனங்களை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, சூடு ஏறும்போது அவற்றின் உடலில் என்ன நடக்கிறது என்று அளந்தது. உடலைக் குளிர்விக்கப் பாறைதாவி இழக்கும் நீர் மற்றவற்றைவிடக் குறைந்த சூட்டிலேயே கூடத் தொடங்கியது. கடும் வெயிலில் இரை தேடுவதைக் குறைத்துப் பாறை இடுக்கில் ஒதுங்குகிறது. ஒதுங்கும் நேரமெல்லாம் பசி நேரம்தான். சரி, இன்னும் குளிர்ந்த இடத்துக்குப் போகலாமே? இது வாழும் கேப் மலைகள் டிராக்கன்ஸ்பெர்க் அளவுக்கு உயரமில்லை. உச்சியை எட்டிய பறவைக்கு மேலே ஏற இடமில்லை, தெற்கே போனால் கடல்.

● பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் இரண்டு இனங்களுமே ‘அச்சுறுத்தலை நெருங்கியவை’. கேப் இனத்தின் வாழிடத்தில் பெரும்பகுதி மலைக் காப்பகங்களுக்குள் இருக்கிறது. இருந்தும் எண்ணிக்கை குறைகிறது, அதுவும் வெப்பம் கூடிய பகுதிகளில். வேலி போட்டுக் காக்கும் முறை இங்கே போதாது என்பதுதான் என் கவலை.

● பாறைதாவியின் வாழிடத்துக்கு இன்னொரு பகையும் உண்டு. நீலகிரிப் புல்வெளிகளைத் தின்ற சீகை மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதே மரமும் அதன் உறவுகளும் ஃபைன்போஸையும் ஆக்கிரமித்திருக்கின்றன. பைன் மரங்களும் சேர்ந்துகொண்டன. நீரை உறிஞ்சுவதோடு, தீயையும் அளவுக்கு மீறிக் கொழுந்துவிட வைக்கின்றன. 1995 முதல் தென்னாப்பிரிக்க அரசு ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டத்தில் ஆள் வைத்து இவற்றை வெட்டி அகற்றிவருகிறது. நாட்டுக்குத் தண்ணீரும் மக்களுக்கு வேலையும் தந்து, பறவைக்கு வாழிடத்தையும் மீட்டுத் தரும் நல்ல திட்டம் இது.

● கேப்டவுனுக்குப் போகிறவர்கள் கடலோர ஊரான ரூயி எல்ஸில் பாறைதாவியைப் பார்க்கலாம். ஒரு வேண்டுகோள்: அதன் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். முட்டையோ குஞ்சோ உள்ள காலத்தில் வீணாய் அலைய வைப்பது அதற்குப் பெரும் இழப்பு. பாதையை விட்டு விலகாமல் காத்திருங்கள்.