கண்ணுக்குத் தெரியாத ஆறு சென்டிமீட்டர்

15 செ.மீ. நீளத்தில் ஒரு பென்சில். பக்கத்தில் 9 செ.மீ. நீளத்தில் ஒரு க்ரேயான். பென்சில் எவ்வளவு அதிகம்? ஆறு என்று நமக்குச் சட்டென வந்துவிடுகிறது. அந்த ஆறைக் காட்டச் சொன்னால்? க்ரேயானில் அது இல்லை. பென்சிலிலும் அப்படித் தனியாக ஒரு துண்டு கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மனத்துக்குள்தான் அந்த ஆறு பிறக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் மலைப்பாக இருக்கிறது.

குழந்தைக்குக் கழித்தல் அறிமுகமாவது பெரும்பாலும் இழப்பாகத்தான். எட்டு மாங்காய் இருந்தன, மூன்றைத் தின்றாயிற்று, மீதி ஐந்து. இங்கே அப்படி எதுவும் போகவில்லை. பென்சிலும் முழுசு, க்ரேயானும் முழுசு. இருந்தும் கழிக்கிறோம். இதற்கு ஒப்பீட்டுக் கழித்தல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்: எதையும் எடுக்காமல் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை மட்டும் காண்பது. இதைச் செய்ய, க்ரேயான் அளவுக்கு ஒரு பகுதியைப் பென்சிலுக்குள்ளேயே கற்பனையில் குறித்து, அந்தப் பகுதியை இல்லாததாகப் பாவிக்க வேண்டும். ஆறு வயதில் இது சாதாரண வேலை இல்லை.

எவ்வளவு கடினம் என்பதை டாம் ஹட்சன் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட சோதனை காட்டியது. படத்தில் ஐந்து பறவைகள், நான்கு புழுக்கள். ‘புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?’ என்று கேட்டபோது நர்சரிக் குழந்தைகளில் 17 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்பில் 64 சதவீதம். பிறகு கேள்வி மாறியது. ‘பறவைகள் ஆளுக்கொரு புழுவைப் பிடிக்கப் பறக்கின்றன. எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?’ நர்சரியில் 83 சதவீதம், ஒன்றாம் வகுப்பில் அத்தனை பேரும் சரி! படம் அதேதான், விடையும் அதேதான். கணக்கு அந்தப் பிஞ்சு மூளைகளுக்குள் ஏற்கெனவே இருந்தது. ‘எத்தனை அதிகம்’ என்ற கேள்வியின் வழியாக அதை எட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

நீளத்திலும் இதே வழி திறக்கும். ‘க்ரேயானைப் பென்சில் அளவுக்குக் கொண்டுவர இன்னும் எவ்வளவு நீளம் ஒட்ட வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை 9-இலிருந்து கிளம்பி 10, 11, 12 என்று விரல்விட்டு 15-இல் நிறுத்தும். கழித்தல் கணக்கைக் கூட்டியே முடித்துவிட்டது.

ஆனால் எண்ணுக்கு வருமுன் இன்னொரு படி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே ஒரே நீளமுள்ள இரண்டு குச்சிகளைச் சமமாக வைத்துக் காட்டுவார். இரண்டும் ஒன்று என்று குழந்தை ஒத்துக்கொள்ளும். பிறகு ஒரு குச்சியை லேசாக முன்னே நகர்த்துவார். சின்னக் குழந்தைகள் பலர் ‘இதுதான் நீளம்’ என்று நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத் தொடுவார்கள். முன்னே எவ்வளவு நீண்டதோ அவ்வளவு பின்னே குறைந்தது என்று இரு முனைகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்தால்தான் நீளம் மாறவில்லை என்பது புரியும். அதுவும் ஒரு கூட்டல் கழித்தல்தான்.

கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்தைக் கையில் பிடிக்கக் கொடுத்தவர் மரியா மாண்டிசோரி. 1939-இல் இந்தியா வந்து சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். அவர் வடிவமைத்த சிவப்புக் கோல்கள் பத்து. மிகச் சிறியது 10 செ.மீ., மிகப் பெரியது 1 மீட்டர். வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட 10 செ.மீ. அதிகம். அதாவது அடுத்தடுத்த எந்த இரண்டு கோல்களுக்கும் உள்ள வித்தியாசம், அந்த மிகச் சிறிய கோல்! குழந்தை அதை எடுத்து ஒவ்வொரு படியிலும் பொருத்திப் பார்க்கலாம். அருமையான யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்கேலைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சுலபம் என்று நினைப்போம். முனை உடைந்து 4-இல் தொடங்கும் ஒரு ஸ்கேலைக் கொடுங்கள். அதன் முனையோடு பொருத்தி வைத்த சாக்பீஸின் மறுமுனை 10-இல் நிற்கிறது. சில குழந்தைகள் 10 என்பார்கள். சிலர் நான்கு, ஐந்து, ஆறு என்று கோடுகளை எண்ணி 7 என்பார்கள். விடை 6. நீளம் கோடுகளில் இல்லை, கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் இருக்கிறது. உடைந்த ஸ்கேலில் 10-இலிருந்து 4-ஐக் கழித்தோம். முழு ஸ்கேலிலும் கழிக்கத்தான் செய்கிறோம். பூஜ்யத்தைக் கழிப்பதால் கழித்தது தெரிவதில்லை.

அந்தச் சாக்பீஸை 2 செ.மீ. தள்ளுங்கள். முனைகள் 6-க்கும் 12-க்கும் போகும். நீளம் அதே 6. இந்த நகர்த்தலைப் புரிந்துகொண்ட குழந்தை 43-இலிருந்து 28-ஐக் கழிக்கக் கடன் வாங்காது. இரண்டையும் 2 தள்ளி, 45-இலிருந்து 30 போக 15 என்றுவிடும்.

சோவியத் உளவியலாளர் வசிலி தவிதோவ் இன்னும் துணிந்தார். அவருடைய பாடத்திட்டத்தில் முதல் வகுப்புக் குழந்தைகள் எண்களுக்கு முன்பே நீளங்களை ஒப்பிட்டு, எழுத்தால் எழுதினார்கள். நீளமானது அ, குட்டையானது ஆ, வித்தியாசம் இ என்றால்: ஆ + இ = அ. அ − இ = ஆ. அ − ஆ = இ. ஒட்டினாலும் வெட்டினாலும் அதே மூன்று நீளங்கள்தான், ஒரே உறவுதான். பெரிய வகுப்பில் வரும் இயற்கணிதம் இங்கே இரண்டு காகிதப் பட்டைகளில் தொடங்கிவிடுகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று. 14 செ.மீ., 8 செ.மீ. என இரண்டு ரிப்பன்கள். பெரியதில் கொஞ்சம் வெட்டிச் சின்னதோடு ஒட்டி இரண்டையும் சமமாக்க வேண்டும். வித்தியாசம் 6 என்பதால் 6 செ.மீ. வெட்டத்தான் கை போகும். வெட்டி ஒட்டினால் பெரியது 8 ஆகிவிடும், சின்னது 14! ஒரு வெட்டு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: இங்கே குறைத்த அளவு அங்கே கூடுகிறது. அதே அளவில் அடுத்த ஜோடி ரிப்பனைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள். சிறியதைப் பெரியதன்மேல் வைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் பாதியாக மடித்து, மடிப்பில் வெட்டும் குழந்தைக்கு 11, 11 என்று கிடைத்துவிடும்.