வீடெங்கும் ஒரே வர்ணம்

வீட்டுக்கு வர்ணம் பூசும் காலம் வந்துவிட்டால், ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு நிறத்தைத் தெரிவுசெய்வது நம்மவர் பலரின் வழக்கம். விறாந்தைக்குப் பச்சை, மண்டபத்துக்கு மஞ்சள், படுக்கையறைக்கு நீலம் என்று பூசிய பின்னர், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்வது அயலார் வீட்டுக்குள் நுழைவது போலாகிவிடுகின்றது. சிறிய வீடு மேலும் சிறியதாகத் தோற்றுகின்றது. இக்குறையை நீக்குதற்கு எளிய வழி, வீடு முழுவதற்கும் மெல்லிய நிறமொன்றையே பூசுவதாகும்.

அதற்கு மிக உகந்தது, சாம்பலும் மணலும் கலந்தாற்போன்ற நிறம். மேனாட்டார் இதனைக் ‘கிரேஜ்’ என்பர். வெளுக்காத பட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வெள்ளைத் தீந்தையிற் சிறிது கறுப்பைச் சேர்த்தாற் சாம்பல் நிறம் உண்டாகும். அதனுடன் மஞ்சட் காவியும் பழுப்பும் துளியளவு சேர, சாம்பலின் குளிர்ச்சி நீங்கி இதமான சாயல் பிறக்கும். தூய வெள்ளையைப் போல இது கண்ணைக் கூசச் செய்யாது. மரத் தளபாடங்களுடனும் பாய், பிரம்பு நாற்காலி ஆகியவற்றுடனும் இசைந்து நிற்கும்.

ஆயினும், இந்நிறம் ஏமாற்றவும் வல்லது. சென்ற ஆண்டு எமது வீட்டுக்கு இதனைப் பூச எண்ணியபோது, கடையிற் காட்டிய விரலளவு அட்டையை மாத்திரம் நம்பினோம். அங்கே மணலாகத் தெரிந்த நிறம், மண்டபத்தின் சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மேலே இளஞ்சிவப்பாயிற்று; யன்னலருகே வாழைகள் நிற்கும் அறையிலே பச்சை தட்டியது. தரையும் தோட்டமும் தம்மிற் பட்ட ஒளியைத் தம் நிறத்தோடு சுவரின்மேல் எறிகின்றன என்பதைப் பணம் செலவழிந்த பின்னரே உணர்ந்தோம். மீண்டும் பூசவேண்டியதாயிற்று.

ஆகையால், முதலிற் சிறு பேணித் தீந்தை வாங்கி, இரண்டடிச் சதுரமான அட்டையில் இருமுறை பூசிக்கொள்ளல் வேண்டும். அதனை ஒவ்வோர் அறையிலும் வைத்துக் காலை, நண்பகல், மாலை, விளக்கேற்றிய பின் என நான்கு வேளையும் பார்த்தல் நன்று. மஞ்சள் ஒளி தரும் மின்குமிழ் பழுப்பை மிகுத்துக் காட்டும். நீலஞ் சார்ந்த வெண்ணொளிக் குமிழ் சாம்பலை மிகுத்துக் காட்டும்.

வடக்கு நோக்கிய அறையில் ஒளி என்றும் குளிர்ந்தே இருக்கும் என மேனாட்டு நூல்கள் கூறும். அவ்விதி நம் நாட்டுக்கு முற்றும் பொருந்தாது. ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு வரும் சூரியன், ஆகஸ்டு இறுதிவரை நண்பகலில் வடபால் நிற்கின்றது. ஏனைய மாதங்களில் தென்பால் நிற்கின்றது. எனவே, ஒரே சுவர் ஆனியில் ஒருவிதமாகவும் மார்கழியில் வேறுவிதமாகவும் தோன்றக்கூடும்.

வர்ண அட்டைகள் சிலவற்றில், அந்நிறம் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒளியைத் திருப்பித் தரும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். அகன்ற விறாந்தையால் உள்ளே இருள் சூழ்ந்த வீட்டுக்கு 60க்கு மேற்பட்ட இலக்கமுடைய நிறமே ஏற்றது.

செலவையும் முன்னரே கணிக்கலாம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உடைய அறையின் சுவர்கள் 440 சதுர அடி. கதவு, யன்னல்களுக்கு 60 கழித்தால் எஞ்சுவது 380. ஒரு லீற்றர் தீந்தை ஏறக்குறைய 120 சதுர அடிக்குப் போதுமாகையால், இருமுறை பூச 6½ லீற்றர் வரை வேண்டும். வாளிக்கு வாளி நிறம் சற்றே வேறுபடுவதுண்டு. ஆதலால் யாவற்றையும் பெரிய பாத்திரமொன்றில் ஒன்றாகக் கலத்தல் வேண்டும். மீதியைக் காற்றுப் புகாது மூடிவைத்தால், எந்த அறையிற் கறை படினும் அதனையே பூசலாம். ஒரே நிறத்தால் வரும் சிக்கனம் இது.

இன்னுமொரு பாடத்தை மனவருத்தத்துடன் கற்றோம். இரண்டாம் முறை பூசியபோது, சுவரின் நிறத்தையே கதவுகளுக்கும் நிலைகளுக்கும் பூசினோம். வந்தோர் யாவரும் அழகென்றனர். கண்ணிற் புரை வளர்ந்திருந்த அம்மம்மா, மூன்றாம் நாள் மாலை சுவரைத் தடவியபடி, “பிள்ளை, வாசல் எங்கை?” என்று கேட்டார். நாற்பது ஆண்டுகள் நடமாடிய வீட்டிலே வழி தெரியாது நின்றார்.

மறுநாளே நிலைகளுக்கும் படி விளிம்புகளுக்கும் கடும் பழுப்பு நிறம் பூசுவித்தோம். அன்று மாலை அவர் எவர் துணையுமின்றி விறாந்தைக்கு வந்து அமர்ந்தார்.

பார்வை குறைந்தோர்க்கு நிற வேறுபாடே வழிகாட்டி. ஆகவே, சுவர்கள் ஒரே நிறமாக இருக்கட்டும். கதவு நிலையும் படி விளிம்பும் மின்விளக்கின் ஆளியும் வேறுபட்டுத் தெரியட்டும். வர்ணம் தெரிவுசெய்யும் நாளில், வீட்டிலுள்ள முதியவரையும் அருகழைத்து, அவர் கண்ணுக்கு அது எவ்வாறு தெரிகின்றது என்று கேட்போமாக.