பவளம் வாங்கிய சீட்டு எங்கே?

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடி வீட்டின் வரவேற்பறையில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு ஆறடி நீளக் கடல்நீர்த் தொட்டி நிற்கிறது. நீல விளக்கின் கீழே மூளைப் பவளம், மான்கொம்புப் பவளம், பாறை இடுக்கில் ஒரு ஜோடி கோமாளி மீன். பார்க்க அத்தனை அழகு. “இதற்கெல்லாம் பில் இருக்கிறதா?” என்று கேட்டால் வீட்டுக்காரர் மேசை டிராயரைத் துழாவி ஒரு துண்டுச் சீட்டை எடுக்கிறார். பால்பாயின்ட் பேனாவில் ஒரே வரி: “மரைன் ஐட்டம்ஸ் – 48,000. ரொக்கம்.” கடை முத்திரை இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. எந்தப் பவளம், எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் இல்லை.

இந்தச் சீட்டு அவரைக் காப்பாற்றாது. இதே சீட்டை வைத்திருப்பவர்கள் கோவையிலும் மதுரையிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சட்டத்தை மீற நினைத்தவர்கள் அல்லர். கடைக்காரர் “ஒன்றும் ஆகாது சார்” என்றார், நம்பிவிட்டார்கள்.

ஆகும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், 2001 ஜூலை முதல் கல் பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் உண்டு. கடல் குதிரைக்கும் அதே பாதுகாப்புதான். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அட்டவணைகள் மாற்றி அடுக்கப்பட்டபோதும் பவளம் முதல் அட்டவணையை விட்டு நகரவில்லை. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அதைவிட முக்கியமானது 57-ஆம் பிரிவு. பொருள் உங்கள் வசம் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அதைச் சட்டப்படிதான் வைத்திருந்தீர்கள் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அதைக் காட்டத்தான் காகிதம் வேண்டும். துண்டுச் சீட்டு காகிதம் ஆகாது.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போரிடையே மூன்று தவறான நம்பிக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

“லைவ் ராக் என்பது வெறும் கல்தானே” என்பது முதலாவது. லைவ் ராக் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இறந்த பவளத்தின் கூடு. அதன் துளைகளில் நுண்ணுயிரிகள் குடியிருப்பதால்தான் அதற்கு அத்தனை கிராக்கி. கல் என்று பெயர் சூட்டினாலும் பவளம் பவளம்தான். காய்ந்து வெளுத்த கூடும் அப்படியே. ராமேசுவரத்துக் கடற்கரையில் பொறுக்கி வந்து அலமாரியில் வைத்திருக்கும் துண்டுக்கும் இது பொருந்தும்.

“இது இந்தோனேசியாவில் வளர்த்தது, நம் கடலில் எடுத்ததில்லை” என்பது இரண்டாவது. சட்டம் கல் பவளங்களை நாடு பார்த்துப் பிரிக்கவில்லை. தவிர, பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உலகக் கல் பவளங்கள் எல்லாமே இருக்கின்றன. ஏற்றுமதி செய்யும் நாட்டின் சைட்டிஸ் அனுமதிச் சீட்டும் இந்தியச் சுங்கத்தின் இறக்குமதி ஆவணமும் இல்லாமல் அவை முறையாக உள்ளே வர வழியே இல்லை. வளர்ப்புப் பவளம் என்றால் அந்தக் காகிதங்களின் நகலைக் கடைக்காரர் கொடுக்கட்டும். அதில் உள்ள இனத்தின் அறிவியல் பெயரும் கையில் வாங்கும் பவளமும் ஒன்றுதானா என்று பாருங்கள். நகல் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாவதுதான் இப்போது அதிகம் பேரைக் கவிழ்க்கிறது: “பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டால் போதும்.” 2024 பிப்ரவரி 28-இல் வந்த விதிகளின்படி, நான்காம் அட்டவணையில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள். வெளிநாட்டுக் கிளி, இகுவானா வளர்ப்பவர்களுக்கு இது சரியான வழி. ஆனால் ஓர் இனம் முதல் அட்டவணையிலும் நான்காம் அட்டவணையிலும் இருந்தால், முதல் அட்டவணைக்கு உரிய விதிகளே செல்லும் என்று சட்டமே சொல்கிறது. கல் பவளம் அப்படிப்பட்டது. பதிவுச் சான்று அதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

மென்பவளம், கடல் சாமந்தி போன்றவை முதல் அட்டவணையில் பெயரிடப்படவில்லை. உடனே அவற்றை மன்னார் வளைகுடாவில் முங்கி எடுத்துவரலாம் என்று எண்ண வேண்டாம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எந்த உயிரை எடுத்தாலும் குற்றம். சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. மிச்சம் இருப்பதை வீட்டு அலங்காரத்துக்குப் பெயர்த்து எடுக்க யாருக்கும் மனம் வரக்கூடாது.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டவர் என்ன செய்வது? பயம் வந்ததும் மக்கள் செய்வதெல்லாம் தப்பாகவே இருக்கிறது. வாட்ஸாப் குழுவில் படம் போட்டுப் பாதி விலைக்கு விற்கிறார்கள். அது இன்னொரு குற்றம், அதற்கான சாட்சியைத் தானே எழுதிக் கொடுத்ததாகவும் ஆகிறது. உடைத்துக் குப்பையில் போடுகிறார்கள். இன்னும் சிலர் “கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறேன்” என்று கோவளத்துக்குப் பையோடு போகிறார்கள். தொட்டியில் வளர்ந்த நோயும் ஒட்டுண்ணியும் அந்நியப் பாசியும் கூடவே போய்ச் சேரும். அட்லாண்டிக் கடலில் இன்று பெருந்தொல்லையாகிவிட்ட சிங்க மீன், அமெரிக்க வீட்டுத் தொட்டிகளிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. நம் ஏரிகளில் வலையைக் கிழிக்கும் ‘டேங்க் கிளீனர்’ மீனும் தொட்டியிலிருந்து வந்ததுதான். கடலில் விடாதீர்கள். ஏரியிலும் விடாதீர்கள்.

செய்ய வேண்டியது எழுத்து மூலமான ஒரு மனு. சட்டத்தின் 39-ஆம் பிரிவு, அரசுச் சொத்தாகிய வன உயிரினம் யார் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்கச் சொல்கிறது. அந்த நேரம் கடந்திருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தானாக முன்வந்து சொல்வதாலேயே வழக்கு வராது என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. வழக்கறிஞரை அமர்த்த வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

மனு மாவட்ட வன அலுவலருக்கு அல்லது வன உயிரினக் காப்பாளருக்கு. மீன்வளத் துறைக்கு அல்ல. இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் இரண்டு மாதம் அலைகிறார்கள். மீன்வளத் துறையில் “வனத்துறைக்குப் போங்க” என்பார்கள். வனச்சரக அலுவலகத்தில் “மீன் தொட்டிக்கெல்லாம் இங்க ஏன் வர்றீங்க?” என்பார்கள். இந்தப் பதில் பொறுக்கத்தக்கது அல்ல. பவளம் தம் துறையின் முதல் அட்டவணையில் இருப்பது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? வாய்ப்பேச்சோடு திரும்பிவிடாதீர்கள். மனுவில் என்னென்ன பவளம், எத்தனை துண்டு, எப்போது, யாரிடம், எவ்வளவு கொடுத்து வாங்கியது, இப்போது எந்த முகவரியில் இருக்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து இணையுங்கள். துறை சொல்லும்வரை உயிரோடு பராமரிக்கத் தயார் என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் இடத்தை விட்டு எழாதீர்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள், பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு “என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன?” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கடத்தல் கும்பலே விற்றது என்று தெரிந்தால், வன உயிரினக் குற்றத் தடுப்புப் பணியகத்தின் தென் மண்டல அலுவலகம் சென்னை பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் இருக்கிறது.

இனிமேல்தான் தொட்டி வைக்கப் போகிறவர் பவளமே இல்லாமல் தொடங்கலாம். பீங்கானிலும் சிமென்டிலும் செய்த செயற்கைப் பாறை, பாட்டிலில் விற்கும் நுண்ணுயிரி, பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் போதும். கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ உருவாக்கிவிட்டது. உப்பைக் கரைத்து ஒப்பு அடர்த்தி 1.025-க்குக் கொண்டுவந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழிக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் வாங்கும் மீன் செத்துப்போகும்.

வாங்கும் முன் தரையைப் பாருங்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். உப்புநீர், கண்ணாடி, பாறை, தாங்கி, கீழே உள்ள வடிகட்டித் தொட்டி (சம்ப்) எல்லாம் சேர்ந்து ஒரு டன். அது உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்துக்குத்தான் கணக்குப் போடப்படுகிறது. கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள், விட்டத்தின் மேல், சுவரோரமாக வையுங்கள், வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதத்தையும் கையெழுத்தோடு வாங்குங்கள். தொட்டி உடைந்து கீழ்வீட்டுக் கூரை ஊறினால் இந்தக் காகிதங்கள்தான் பேசும். மின்சாரத்துக்கு, கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், உப்புநீர் வழிந்த பிளக்கோடு விளையாடக் கூடாது.

பலர் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும் ஆபத்து ஒன்று உண்டு. பட்டன் பாலிப் என்று விற்கப்படும் ஜோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில், ஸ்டீவன்டன் என்ற ஊரில், ஒரு வீட்டில் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் அந்தக் குடும்பத்தின் ஆறு பேரும் உதவிக்கு வந்த நான்கு பேரும் மருத்துவமனைக்குப் போனார்கள். நஞ்சு ஆவியோடும் தெறிக்கும் துளியோடும் மூச்சில் ஏறுகிறது. ஆகவே பாறையைக் கொதிநீரில் போடாதீர்கள். கொதிநீர் ஊற்றிப் பாலிப்பைக் கொல்லாதீர்கள். உலர்ந்த பாறையைப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: கொதிநீர் வேண்டாம். வாயில் உலோகச் சுவை, இருமல், மூச்சுத் திணறல், குளிர்க்காய்ச்சல், தசைவலி எதுவாயினும் எல்லோரும் உடனே வீட்டை விட்டு வெளியேறி 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லாமல் “பவளத் தொட்டி, பாலிடாக்சின்” என்று சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சைக் காக்கும் சிகிச்சைதான். எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117-இல் மருத்துவரே அழைத்துக் கேட்கலாம்.

கண்ணாடி ஒட்டு விட்டாலோ, கடைக்காரர் நோயுற்ற மீனைத் தள்ளிவிட்டாலோ நுகர்வோர் சட்டம் இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார். தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இ-ஜாக்ரிதி தளம் வழியாக வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கும் முதல் கேள்வி அதேதான்: பில் இருக்கிறதா? அந்த மூன்றாம் மாடி வீட்டுக்காரர் இப்போது வழக்கறிஞருக்குக் காட்ட ஒரு கோப்பு திறந்திருக்கிறார். முதல் தாளாக அந்தத் துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே கடைக்காரரின் வாட்ஸாப் உரையாடலும் வங்கிக் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் எடுத்த நாளின் பதிவும் அச்செடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன.