திரும்பும் நேரத்தை முதலில் குறியுங்கள்

விடுமுறையில் ஒரு நடை – 6

சென்ற வாரம் காலணி, தண்ணீர், பை என்று எடுத்துப் போக வேண்டியவற்றைப் பார்த்தோம். இந்த வாரம் நேரக் கணக்கு. கொல்லிமலையில் இரண்டு நாள் தங்குபவர்கள், அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி வரலாம் என்று நினைத்ததும் கேட்பது, “எவ்வளவு தூரம்?” மலையில் அது பாதிக் கேள்விதான். எவ்வளவு ஏற்றம் என்பது மீதி. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் ஒரு கணக்கு சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். படிக்கு அரையடி என்று வைத்தாலே 500 அடி ஏற்றம். நைஸ்மித் கணக்கில் அது சமதளத்தில் முக்கால் மைல் நடப்பதற்குச் சமம். அதுவும் பழகிய கால்கள், நடுவில் உட்காராமல் ஏறினால். வாரமெல்லாம் நாற்காலியில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு போதாது.

இந்த வழியில் இன்னொரு சிக்கல், ஏற்றம் கடைசியில் வருகிறது. உச்சியை நோக்கிப் போகிறவர் களைத்தால் பாதியில் திரும்பிவிடலாம். அருவிவரை இறங்கிவிட்டவருக்கு அந்த வசதி கிடையாது. எவ்வளவு களைத்தாலும் எல்லாப் படியையும் ஏறியாக வேண்டும். ஆகவே திட்டத்தைக் கடைசியிலிருந்து போட வேண்டும். 1 மணிக்கு மேலே சாப்பாடு என்றால், பெரியவர்கள், குழந்தைகளோடு ஏற ஒன்றரை மணி, கைக்காவலுக்கு அரை மணி. 11 மணிக்கு அருவியை விட்டுக் கிளம்ப வேண்டும். குளிக்க ஒரு மணி, இறங்க முக்கால் மணி என்றால் 9.15-க்கு முதல் படியில் கால் வைக்க வேண்டும். அருவிக்கு எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று முந்தின நாளே விசாரித்து, அதற்கேற்ப எல்லாவற்றையும் தள்ளிக்கொள்ளலாம்.

“இதோ பக்கத்துலதான், அரை மணியில வந்துரலாம்” என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்களே என்பீர்கள். பொய்யில்லை, அவர்கள் சொல்வது அவர்கள் கால்களின் கணக்கு. இறக்கம் சுலபம்தானே என்றால், மென்சரிவில்தான் அது நேரத்தை மிச்சப்படுத்தும். செங்குத்தான இறக்கத்துக்கு 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூட்ட வேண்டும் என்று எரிக் லாங்மியர் பின்னாளில் நைஸ்மித் கணக்கைத் திருத்தினார். ஈரப்படியில் முழங்காலும் அதையேதான் சொல்லும். விடுமுறையிலுமா கடிகாரம் என்பது நியாயமான சலிப்பு. ஆனால் கோடையில் வெயிலில் சூடேறிய காற்று சரிவில் மேலெழுந்து, பிற்பகலில் இடிமழையாக இறங்குவது மலையில் சகஜம். கிளம்பும் நேரம் முடிவாகியிருந்தால், அதுவரை யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த நேரத்தைக் காலைச் சாப்பாட்டின்போதே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். அருவியடியில் போய்ப் பேசினால் அதிக உற்சாகம் உள்ளவர் வைத்ததே சட்டமாகிவிடும். காலையிலேயே பேசினால், கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஏறப்போகிறவரும் வாய் திறப்பார்.

(தொடரும்)