கூகுள் போட்டோஸிலிருந்து வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு

போனில் எடுக்கிற படமெல்லாம் தானாகவே கூகுள் போட்டோஸுக்குப் போய்விடுகிறதே, அப்புறம் என்ன கவலை என்று இருப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அங்கே இருப்பது தனி நகல் அல்ல. அந்தச் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், மேலே கூகுளிலும் போகும். 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பிறகு கிடைக்காது. இரண்டு வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத கணக்கையே நீக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. காலமான தாத்தாவின் கணக்கில் படங்கள் கிடந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

படங்களை மொத்தமாகக் கீழே இறக்க கூகுளே 2011 முதல் வைத்திருக்கும் வழி, டேக்அவுட். அதில் எல்லாவற்றின் தேர்வையும் நீக்கிவிட்டு போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்தால், படங்களை ஜிப் கோப்புகளாகக் கட்டித் தரும். கட்டி முடிக்கச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். இணைப்பு மின்னஞ்சலில் வரும். ஒரு வாரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். ஒரு ஜிப்பின் அளவை 50 ஜிபி வரை வைக்கலாம். நான் 10 ஜிபிக்கு மேல் போக மாட்டேன். பாதியில் நெட் அறுந்தால் இழப்பு குறைவு. பழைய பென் டிரைவ் பல ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறவே ஏறாது.

ஜிப்பைப் பிரித்தால்தான் வேடிக்கை. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ஜேசான் என்ற சின்ன எழுத்துக் கோப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். குப்பை என்று நினைத்து இதை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். போன் கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்பில் தேதி இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்தக் குறிப்பு உதிர்ந்துபோயிருக்கும். ஸ்கேன் செய்த அம்மா அப்பா கல்யாணப் படத்தில் இருந்தாலும் அது ஸ்கேன் செய்த தேதிதான். நீங்கள் உட்கார்ந்து 10 செப்டம்பர் 1978 என்று திருத்தியது ஜேசானில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் 274233600 என்ற எண்ணாக. 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிக் கணக்கு அது. அதற்கும் முந்தைய படம் என்றால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி விழும்.

இந்தத் தேதியைப் படத்துக்குள்ளேயே திரும்ப எழுத பில் ஹார்வி உருவாக்கிய எக்ஸிஃப்டூல் இருக்கிறது, இலவசம். கட்டளை தட்டிப் பழக வேண்டும். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் சிக்கல்: படத்தின் பெயரில் (1) ஓரிடத்தில் இருக்கும், ஜேசானின் பெயரில் வேறிடத்தில் இருக்கும், ஜோடி சேராது. கட்டளை பிடிக்காதவர்கள் ஜேசானைப் படத்தோடு அப்படியே விட்டுவைத்தால் போதும். பின்னால் யாராவது சேர்த்துக்கொள்ளலாம்.

ஆல்பத்தில் போட்ட படம் வருஷக் கோப்புறையிலும் ஆல்பக் கோப்புறையிலும் இரண்டு தடவை வரக்கூடும். டிஸ்க்கில் தாராளமாக இடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் முழுவதையும் இறக்க வேண்டியதில்லை, புதிய வருஷத்தின் கோப்புறையை மட்டும் கேட்கலாம். இடம் மிச்சம் பிடிக்க மேலே இருப்பதை அழிக்க நினைத்தால், அதற்கு முன் எல்லா ஜிப்பும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வீடியோவையாவது கடைசிவரை ஓட்டிப் பாருங்கள்.